ஊசிக்குப் பிறகு தடிப்பா, சிவப்பா? முதலில் நாளை எண்ணுங்கள்!

"ஊசி போட்ட தொடை கல்லு மாதிரி ஆயிடுச்சு டாக்டர். தடவுறதுக்கு ஏதாவது தைலம் குடுங்களேன்..."

"போன வாரம் ஊசி போட்டோம். ஒரு வாரம் நல்லாத்தான் விளையாடிட்டு இருந்தான். இன்னிக்குப் பார்த்தா உடம்பு முழுக்க செவசெவன்னு பொரிஞ்சிருக்கு. அம்மை இறங்கியிருக்குன்னு மாமியார் சொல்றாங்க..."

"இந்த ஊசி எங்க பிள்ளைக்கு ஒத்துக்கலை போல. அடுத்த ஊசியைப் போடாம விட்டுடலாமா?"

ஒன்றிரண்டு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டிலிருந்து எங்களைப் போன்ற சித்த மருத்துவர்களிடம் வரும் கேள்விகள் இவை. அதிலும் மூன்றாவது கேள்வியைக் கேட்கும்போது பெற்றோர் எங்கள் முகத்தையே பார்ப்பார்கள். சித்த மருத்துவர்தானே, 'ஆமாம், இங்கிலீஷ் ஊசியெல்லாம் எதுக்கு? விட்டுடுங்க' என்று சொல்லிவிடுவார் என்ற எதிர்பார்ப்பு.

சொல்ல மாட்டோம். சொல்லவும் கூடாது. தட்டம்மைக்கும், தொண்டை அடைப்பானுக்கும், கக்குவான் இருமலுக்கும், ரண ஜன்னிக்கும் வருமுன் காக்கத் தடுப்பூசிதான் வழி. அந்த இடத்தை நிரப்ப எங்கள் மருந்துப் பெட்டியில் சூரணமோ லேகியமோ கிடையாது. இதை ஒரு சித்த மருத்துவரே சொன்னால் நம்புவீர்கள் என்பதால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சரி, அப்படியானால் தோலில் வரும் சிவப்பு, வீக்கம், தடிப்பு எல்லாம் என்ன? எதற்குப் பயப்பட வேண்டும்? எதற்குப் பயப்பட வேண்டாம்? இதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு முதலில் தேவை தைலம் அல்ல, ஒரு காலண்டர்! எந்த ஊசி போட்டார்கள், இன்று எத்தனையாவது நாள் என்று எண்ணிப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். வீட்டிலிருக்கும் தடுப்பூசி அட்டையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஏன் நாள் கணக்கு?

தடுப்பூசிகளில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, கிருமியின் செத்த உடலையோ அதன் ஒரு பகுதியையோ வைத்துச் செய்தது. முத்தடுப்பு ஊசி, ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி எல்லாம் இந்த வகை. உள்ளே போனதும் உடம்பின் காவல்காரர்களான வெள்ளை அணுக்கள் அங்கே ஓடி வருகின்றன. ரத்த ஓட்டம் கூடுகிறது. அதனால் அந்த இடம் அன்றைக்கே சிவக்கும், சுடும், வீங்கும், வலிக்கும்.

இன்னொன்று, உயிருள்ள கிருமியையே வீரியம் குறைத்துச் செய்தது. எம்.ஆர். என்கிற தட்டம்மை - ரூபெல்லா ஊசி, சின்னம்மை ஊசி, பிறந்ததும் போடும் பி.சி.ஜி. ஆகியவை இந்த வகை. இந்தக் கிருமி உள்ளே போய்ச் சற்றுப் பெருகிய பிறகுதான் உடம்பு அதைக் கவனித்துச் சண்டைக்குக் கிளம்பும். அதற்கு நாட்கள் ஆகும். பி.சி.ஜி. கிருமி ரொம்ப மெதுவாகப் பெருகுவது. அதற்கு வாரங்களே ஆகும்.

ஆகவே நிமிடக் கணக்கு, நாள் கணக்கு, வாரக் கணக்கு, மாதக் கணக்கு என்று நான்கு கணக்குகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. நிமிடக் கணக்கு: முதல் அரை மணி நேரம்

ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்கிறார்களே, ஏன்? ஆட்டோ காத்திருக்கிறது என்று கிளம்பிவிடாதீர்கள். பயப்பட வேண்டிய ஒவ்வாமை வருவதாக இருந்தால் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான் வரும்.

உடம்பெல்லாம் திட்டுத் திட்டாகத் தடிப்பு கிளம்பும். இதைத்தான் சித்த மருத்துவத்தில் காணாக்கடி என்கிறோம். வெறும் தடிப்போடு நிற்காமல் உதடும் கண் இமையும் வீங்குவது, மூச்சு இழுப்பது, இருமல், திரும்பத் திரும்ப வாந்தி, குழந்தை வெளுத்துத் துவண்டு போவது இவற்றில் ஏதாவது சேர்ந்தால் அது அவசரம். நிமிடங்களில் தொடையில் அட்ரினலின் ஊசி போட வேண்டும். அந்த மருந்து தடுப்பூசி போடும் இடத்தில் தயாராக இருக்க வேண்டும் என்பது விதி. அரை மணி நேரம் உட்காரச் சொல்வது அதற்காகத்தான். வீட்டுக்கு வந்த பிறகு இப்படி ஆனால் அலர்ஜி சிரப்பைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். சிரப் இதற்கு மாற்று ஆகாது. 108-ஐ அழையுங்கள்.

இது எவ்வளவு அபூர்வம் தெரியுமா? சுமார் 10 லட்சம் ஊசிக்கு ஒன்று. ஆனால் அந்த ஒன்று யார் வீட்டுப் பிள்ளை என்று முன்கூட்டியே தெரியாதல்லவா? அதனால் அரை மணி நேரத்தைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

2. நாள் கணக்கு: முதல் மூன்று நாட்கள்

16 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள் முத்தடுப்பு ஊசியின் பூஸ்டர் போடுவார்கள். தொடையின் முன்பக்கத்தில், சற்று வெளிப்புறமாகப் போடுவது இது. அரசு நிலையங்களில் போடும் ஊசியைப் பொறுத்தவரை பாதிக் குழந்தைகளுக்காவது அந்த இடம் சிவந்து வீங்கி வலிக்கும், ஜுரமும் வரலாம். குழந்தை நொண்டி நொண்டி நடக்கும், டயப்பர் மாற்றப் போனால் அழும். ஒன்றிரண்டு நாளில் தணிந்துவிடும்.

சிறு வயதில் போட்டதைவிட பூஸ்டருக்கு வீக்கம் அதிகமாக இருக்கலாம். 'ஆறு வாரத்தில் போட்டப்போ ஒண்ணும் ஆகலையே, இப்ப ஏன்?' என்று கேட்பீர்கள். முன்பே பழகிய உடம்பு எதிரியைச் சட்டென்று அடையாளம் கண்டு ஓங்கி அடிக்கிறது, அவ்வளவுதான். சில குழந்தைகளுக்குத் தொடை பெரிதாகவே வீங்கிவிடும். பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலும் சில நாட்களில் தானாகவே வற்றிவிடும். இருந்தாலும் அந்த அளவு வீங்கினால் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

வீக்கம் வற்றிய பிறகும் தோலுக்கு அடியில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்படலாம். மருந்து நன்றாக வேலை செய்வதற்காக ஊசியில் சேர்க்கும் அலுமினிய உப்பு ஓரிடத்தில் தங்குவதால் வருவது அது. வலி இருக்காது. சில வாரங்களில் கரையும். உருட்டாதீர்கள், நீவாதீர்கள், ஒத்தடம் கொடுத்துக் 'கரைக்க'ப் பார்க்காதீர்கள்.

இங்கே ஒரு சின்ன யோசனை: சிவப்பின் ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். மறுநாள் சிவப்பு கோட்டுக்கு உள்ளே சுருங்கினால் நிம்மதி. மூன்றாம் நாளும் கோட்டைத் தாண்டிப் பரவினால், தொட்டால் கொதித்தால், நடுவில் சீழ் கோத்தால் டாக்டரிடம் போங்கள்.

3. வாரக் கணக்கு: ஏழாம் நாளிலிருந்து

எம்.ஆர். ஊசி முதலில் 9 மாதம் முடிந்ததும், இரண்டாவது முறை 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் வலது மேல் கையில் போடப்படுகிறது. பலரைக் குழப்புவது இந்த ஊசிதான். ஏனென்றால் ஒரு வாரம் வரை ஒன்றுமே தெரியாது. முத்தடுப்பு ஊசியும் அதே நாளில் போட்டிருந்தால் அதன் வீக்கமும் ஆறிவிட்டிருக்கும். பிறகு சுமார் 7 முதல் 12-ஆம் நாளுக்குள் சில குழந்தைகளுக்குச் ஜுரம் வரும். 100-ல் சுமார் 2 குழந்தைகளுக்கு உடம்பில் சிவப்புப் புள்ளிகள் பூக்கும். இரண்டு நாள் போல இருந்து மறையும்.

இது நோய் அல்ல. மற்ற குழந்தைகளுக்கு ஒட்டாது. அக்காவையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை. 'அம்மை இறங்கியிருக்கு, மருந்து கொடுக்கக் கூடாது, தண்ணி ஊத்தக் கூடாது' என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால், வாசலில் வேப்பிலை செருகிக்கொள்ளட்டும், மனதுக்கு ஆறுதல். ஆனால் ஜுரத்துக்கு மருந்தும், தாராளமாகத் தண்ணீரும், வழக்கமான சாப்பாடும் குழந்தைக்குப் போயே ஆக வேண்டும்.

ஊசி போட்டு மூன்றாம் நாளே உடம்பெல்லாம் பொரிந்தால்? எம்.ஆர். ஊசியின் கணக்குக்கு அது ஒத்துவராது. இந்த வயதில் வைரஸ் ஜுரத் தடிப்பு, வேர்க்குரு, கொசுக்கடி, கை - கால் - வாய் நோய் என்று தோலில் வருவதற்கு ஆயிரம் காரணம் உண்டு. ஊசி போட்ட வாரத்தில் வந்துவிட்டதாலேயே பழி ஊசி மேல் விழுகிறது. தடிப்போடு ஜுரமும் இருந்தால் எது என்று டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

தனியார் மருத்துவமனையில் 15 மாதத்தை ஒட்டிப் போடும் சின்னம்மை ஊசிக்கும் இதே மாதிரிதான். ஒரு மாதத்துக்குள் 100-ல் நான்கைந்து குழந்தைகளுக்குச் சில கொப்புளங்கள் வரலாம். விரல் விட்டு எண்ணிவிடலாம். அவை காயும் வரை சட்டையால் மூடி வையுங்கள். அதுவரை, சின்னம்மை வராத கர்ப்பிணிகளும் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களும் குழந்தையைத் தூக்காமல் இருப்பது நல்லது.

இந்த வாரக் கணக்கில் ஒரே ஒரு எச்சரிக்கை. புள்ளிகள் சிவப்பாக இல்லாமல் கத்தரிப்பூ நிறத்தில் ஊசிமுனை அளவுக்கு இருந்தால், ஒரு கண்ணாடி டம்ளரின் பக்கத்தை அதன் மேல் வைத்து அழுத்துங்கள். சாதாரணத் தடிப்பு அழுத்தினால் வெளுக்கும். வெளுக்காமல் அப்படியே தெரிந்தால் அது தோலுக்கு அடியில் கசிந்த ரத்தம். எம்.ஆர். ஊசிக்குப் பிறகு சுமார் 30,000-ல் ஒரு குழந்தைக்கு ரத்தத் தட்டணுக்கள் தற்காலிகமாகக் குறைந்து இப்படி வருவதுண்டு. பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் அன்றே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். வெளுக்காத புள்ளியோடு ஜுரமும் இருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். அது ரத்தத்தில் கிருமி பரவியதாகவும் இருக்கலாம்.

4. மாதக் கணக்கு: பி.சி.ஜி. தழும்பு

பிறந்ததும் இடது மேல் கையில் தோலுக்குள்ளேயே போடும் ஊசி இது. இரண்டு மூன்று வாரம் கழித்துச் சின்னக் கொப்புளம் வரும். ஐந்தாவது வார வாக்கில் மிளகைவிடச் சற்றுப் பெரிதாகும். சிலருக்கு உடைந்து புண்ணாகி, கொஞ்சம் சீழும் வரும். 6 முதல் 12 வாரத்தில் தானாகவே ஆறி, வட்டமாக ஒரு தழும்பு மிஞ்சும். இதில் மஞ்சள், சுண்ணாம்பு, டெட்டால், பவுடர் எதுவும் வேண்டாம். காற்றாட விடுங்கள். தண்ணீர் பட்டால் துடைத்துவிடுங்கள். போதும். அக்குளில் நெறி கட்டி அது பெரிதானாலோ உடையும்போல் இருந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

நடை பழகிய குழந்தையின் அம்மாவுக்கு இந்தத் தழும்பு எதற்கு என்கிறீர்களா? இருக்கிறது. ஐந்து நாளாக விடாத ஜுரம், சிவந்த கண், வெடித்துச் சிவந்த உதடு, கூடவே ஆறிப்போன பி.சி.ஜி. தழும்பு திடீரென்று சிவந்து தடித்தால், அது காவாசாகி நோயாக இருக்கலாம். இதயத்தின் ரத்தக் குழாய்களைத் தாக்கக்கூடிய நோய் அது. ஜுரம் தொடங்கிய பத்து நாளுக்குள் சிகிச்சை தொடங்குவது முக்கியம். தழும்பு சிவந்ததைக் குழந்தை நல டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவருக்கு அது பெரிய துப்பு.

தடவ என்னதான் கொடுப்பீர்கள்?

'அப்ப சித்த வைத்தியத்துல ஒண்ணுமே இல்லையா?' என்று கோபிக்காதீர்கள். இருக்கிறது. ஆனால் எதை எங்கே பயன்படுத்துவது என்பதுதான் வைத்தியம். கரப்பானுக்கு அருகன் தைலம் கொடுக்கிற நானே, ஊசி துளைத்த இடத்தில் அதைத் தடவாதீர்கள் என்கிறேன். வசம்பு, உரைமருந்து, காப்பித்தூள், சூடான செங்கல் ஒத்தடம் எதுவும் அந்த இடத்துக்கு வேண்டாம். துளை விழுந்த தோலில் அழுக்குக் கை பட்டால்தான் சீழ் பிடிக்கும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

* சுத்தமான துணியைச் சாதாரணத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பத்து நிமிடம் ஊசி போட்ட இடத்தில் வையுங்கள். தேய்க்க வேண்டாம்.

* தொளதொளப்பான பருத்தி உடை போடுங்கள். குளிக்க வைக்கலாம், அந்த இடத்தில் சோப்புப் போட்டுத் தேய்க்காதீர்கள்.

* பத்தியம் கிடையாது. தாய்ப்பால், பருப்பு சாதம், முட்டை எல்லாம் வழக்கம் போல.

* ஜுரமோ வலியோ இருந்தால் பாராசிட்டமால், குழந்தையின் எடைக்குத் தகுந்தபடி டாக்டர் அல்லது செவிலியர் சொன்ன அளவு. கவனம்: சொட்டு மருந்து வேறு, சிரப் வேறு. சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் அதே 100 மில்லிகிராமுக்கு இரண்டு முதல் நான்கு மில்லி தேவைப்படும். சிரப் அளவில் சொட்டு மருந்தைக் கொடுத்துவிட்டால் ஈரலுக்கு ஆபத்து. பாட்டிலைப் படித்துப் பார்த்து அளந்து கொடுங்கள். ஆஸ்பிரின் கூடவே கூடாது.

கரப்பான் உள்ள குழந்தை, சளி மூக்கு ஒழுகும் குழந்தை, முட்டை ஒத்துக்கொள்ளாத குழந்தை எல்லோருக்கும் எம்.ஆர். ஊசி போடலாம். கரப்பான் இல்லாத தோலாகப் பார்த்துப் போடச் சொல்லுங்கள்.

தோலை மட்டும் பார்க்காதீர்கள்

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடங்களில் ஒன்று எண்வகைத் தேர்வு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எட்டையும் பார்த்த பிறகே நோயைப் பற்றிப் பேச வேண்டும். அம்மாவுக்கும் அதே பாடம்தான். தோலின் நிறத்தைப் பார்த்தீர்கள், தொட்டுப் பார்த்தீர்கள். குழந்தையின் அழுகை எப்படி? கண்ணில் தெளிவு இருக்கிறதா? நாக்கு ஈரமாக இருக்கிறதா? சிறுநீர் வழக்கம் போல் போகிறதா? தொடை சிவந்திருந்தாலும் பொம்மையைத் துரத்தி ஓடுகிற பிள்ளையை வீட்டில் வைத்துப் பார்க்கலாம். தோலில் ஒரு புள்ளிகூட இல்லாவிட்டாலும் பால் குடிக்காமல், மணிக்கணக்கில் அழுகை நிற்காமல், அல்லது எழுப்பினாலும் எழாமல் மயங்கிக் கிடக்கிற பிள்ளையை உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வலிப்பு வந்தாலும் அப்படியே.

அடுத்த ஊசி?

இப்போது அந்த மூன்றாவது கேள்விக்கு வருவோம். சிவப்பு, வீக்கம், ஜுரம், எட்டாம் நாள் பூத்த புள்ளிகள் இவை எதுவுமே அடுத்த ஊசியை நிறுத்தக் காரணம் அல்ல. முன்பு போட்ட ஊசிக்கு மூச்சு முட்டும் அளவு ஒவ்வாமை வந்திருந்தால் அந்த ஊசியை மறுபடி போடக் கூடாது. வெளுக்காத புள்ளி, வலிப்பு, உடம்பெல்லாம் காணாக்கடி இவை வந்திருந்தால் குழந்தை நல டாக்டர் முடிவு செய்யட்டும். நீங்களாக முடிவு செய்யாதீர்கள். நாங்களும் செய்ய மாட்டோம்.

விட்டுவிட்டால் என்ன ஆகும்? 9 மாதத்தில் போடும் ஒரு ஊசி 100-ல் சுமார் 85 குழந்தைகளுக்குத்தான் தட்டம்மையிலிருந்து பாதுகாப்புத் தரும். இரண்டாவதும் போட்டால் அது 97 வரை உயரும். முதல் ஊசிக்குப் புள்ளி வந்ததென்று இரண்டாவதை விட்டால் அந்த 15-ல் உங்கள் பிள்ளையும் இருக்கலாம். தட்டம்மை வந்த ஒருவர், எதிர்ப்புச் சக்தி இல்லாத கூட்டத்தில் 12 முதல் 18 பேருக்குப் பரப்பிவிடுவார். அந்தத் தட்டம்மை சளிக் காய்ச்சலைக் கொண்டு வரும்; சுமார் 1,000-ல் ஒருவருக்கு மூளைக் காய்ச்சல். 2022 இறுதியில் மும்பையில் தட்டம்மை பரவியபோது குழந்தைகள் இறந்தார்கள்.

வதந்தி நமக்கும் புதிதல்ல. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லோருக்கும் எம்.ஆர். ஊசி போட ஆரம்பித்தபோது, வாட்ஸ்அப்பில் வந்த கதைகளை நம்பிப் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாமல் வைத்துக்கொண்டவர்கள் உண்டு.

சந்தேகம் வரும்போது உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியின் மேல் கையைப் பாருங்கள். காசு அளவுக்கு வட்டத் தழும்பு தெரியும். பெரியம்மைக்குக் குத்திய அடையாளம் அது. அந்த மருந்தைத் தயாரிக்கத்தான் 1899-ல் கிண்டியில் கிங் இன்ஸ்டிடியூட் தொடங்கப்பட்டது. குத்திய இடம் அன்று புண்ணாகிச் சீழ் வைத்துப் பொருக்கு உதிரும். அந்தத் தலைமுறை அதைப் பொறுத்துக்கொண்டது. 1980-ல் பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இன்று உங்கள் பிள்ளையின் கையில் அந்தத் தழும்பு தேவைப்படவில்லை.

ஆகவே ஊசி போட்ட அன்றே தேதியையும் ஊசியின் பெயரையும் காலண்டரில் குறித்து வையுங்கள். தோலில் ஏதாவது தெரிந்தால் போனில் படம் எடுங்கள், நாளை எண்ணுங்கள். அடுத்த முறை கிராம சுகாதார செவிலியரிடமோ டாக்டரிடமோ போகும்போது அதைக் காட்டுங்கள். அவர்கள் அதை அட்டையில் எழுதிக்கொள்ளட்டும். பிறகு, குறித்த நாளில் அடுத்த ஊசியையும் போட்டுவிடுங்கள்!